ஆய்வகத்துக் கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல மேலாண்மை மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது?

கரும்பலகை (கேள்வி)

வணக்கம். முதுநிலை மேலாண்மை மாணவர்களுக்கு, புதிய தொழில்நுட்பங்களைச் சந்தைக்குக் கொண்டுசெல்வது பற்றிய பாடம் ஒன்றை இரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். என் பின்னணி சந்தைப்படுத்தல். பொறியியலோ அறிவியலோ முறையாகப் படித்தவன் அல்லன். முதல் ஆண்டில், நிறுவனங்களின் வழக்காய்வுகளை வாசித்து விவாதிப்பதோடு பாடத்தை முடித்துக்கொண்டேன். மாணவர்கள் மிக நன்றாகப் பேசினார்கள். ஆனால் முடிவு தெரிந்த கதையை அலசும்போது எல்லோருமே தீர்க்கதரிசிகளாகத் தோன்றுவார்கள் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

ஆகவே சென்ற ஆண்டு, பொறியியல் ஆய்வகம் ஒன்றிலிருந்து உண்மையான கண்டுபிடிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வகுப்பின் முன் வைத்தேன். ஈரப்பதத்துக்கேற்ப மின்தடை மாறுகிற மெல்லிய பூச்சு அது. ஆறு குழுக்கள், பதினான்கு வாரங்கள். இறுதியில் ஐந்து குழுக்கள் ஒரே பொருளோடு வந்து நின்றன: வியர்வையை அளந்து உடல்நிலையைச் சொல்லும் கைப்பட்டை. ஐந்து குழுக்களின் ஸ்லைடுகளிலும் உலகச் சந்தையின் மொத்த மதிப்பு பெரிய எழுத்தில் இருந்தது. அதில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்தாலே போதும் என்ற வாசகமும் தவறாமல் இருந்தது. இறுதி அமர்வுக்கு வந்திருந்த ஆய்வாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உப்புநீர் பட்டால் இந்தப் பூச்சு ஒரு நாளுக்குள் உரிந்துவிடும். வியர்வை உப்புநீர்தானே? இதை உங்களில் ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லையே?" வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தத் தவறில் பெரும்பங்கு என்னுடையது என்பதை மறுக்கமாட்டேன்.

இந்த ஆண்டு பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதவேண்டும். மூன்று ஐயங்கள் இருக்கின்றன. முதலாவது, தொழில்நுட்பத்திலிருந்து தொடங்கித் தேவையைத் தேடுவதா, தேவையிலிருந்து தொடங்கித் தொழில்நுட்பத்தைத் தேடுவதா என்பது. சந்தைப்படுத்தல் நூல்கள் எல்லாம் தேவையிலிருந்து தொடங்கு என்கின்றன, ஆனால் ஆய்வகம் நம்மிடம் தருவதோ தீர்வை மட்டுந்தான். இரண்டாவது, மேலாண்மை மாணவருக்கு அறிவியல் எவ்வளவு புரிந்திருக்கவேண்டும். மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது: நேர்மையாகத் தேடிய ஒரு குழு, "இப்போதைக்கு இதற்குச் சந்தை இல்லை" என்ற முடிவுக்கு வந்தால் அதற்கு எப்படி மதிப்பெண் வழங்குவது? இத்தகைய பாடத்தை நடத்தியவர்களும் அதில் படித்தவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

இரண்டாம் வரிசை

ஐயா, ஐந்து குழுக்களும் கைப்பட்டைக்குப் போனதை மாணவர்களின் சோம்பல் என்று நினைக்காதீர்கள். மனிதர்கள் தங்களுக்கு ஏற்கனவே தெரிந்த உலகத்துக்குள்தான் ஒரு தொழில்நுட்பத்தின் பயனைக் காண்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் உருவான முப்பரிமாண அச்சுமுறைக் காப்புரிமை ஒன்றைப் பின்தொடர்ந்து ஸ்காட் ஷேன் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அந்த ஒரே கண்டுபிடிப்பிலிருந்து எட்டு வெவ்வேறு தொழில் வாய்ப்புகளை எட்டுத் தரப்பினர் கண்டெடுத்தார்கள். உலோக வார்ப்புக்கான அச்சுக்கூடு, மருந்து தயாரிப்பு, வடிவமைப்பாளர்களுக்கான மாதிரிகள் என்று அவை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை. ஒவ்வொருவரும் தாம் முன்பு வேலைபார்த்த துறைக்குரிய பயனைக் கண்டார்களே தவிர, அடுத்தவர் கண்டது இவர் கண்ணில் படவில்லை. உங்கள் மாணவர்களுக்குப் பொதுவாக இருந்த அனுபவம் கையில் கட்டியிருந்த பட்டைதான் போலும்.

எனவே உங்கள் முதல் ஐயத்துக்கு என் விடை, இரண்டு வழிகளில் எதுவும் அன்று. இடையில் ஒரு படியை வைக்கவேண்டும் என்பதே. என் வகுப்பில் முதல் மூன்று வாரங்களுக்கு எந்தப் பொருளின் பெயரையும் உச்சரிக்கக் கூடாது. பட்டை, கருவி, செயலி என்ற சொற்களுக்கெல்லாம் தடை. கண்டுபிடிப்பு என்ன செய்கிறது என்பதை ஒரு வினைச்சொல், ஓர் அளவு, ஒரு நிபந்தனை ஆகிய மூன்றும் அமையுமாறு எழுதவேண்டும். "ஈரத்தை உணர்கிறது" என்று எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எவ்வளவு ஈர மாற்றத்தை, எத்தனை நொடியில், எந்த வெப்பநிலை வரம்புக்குள், எவ்வளவு காலம் உணர்கிறது, எது பட்டால் கெடுகிறது என்பவை எல்லாம் அந்த வாக்கியத்தில் இருக்கவேண்டும். இதை எழுதப் புகுந்தால் ஆய்வாளரிடம் போய்க் கேட்காமல் இருக்கவே முடியாது. உங்கள் உப்புநீர் விவகாரம் பதினான்காம் வாரத்தில் வெடித்திருக்காது. இரண்டாம் வாரத்திலேயே தாளில் ஏறியிருக்கும்.

நான்காம் வாரத்தில்தான் பயன்களைத் தேடச் சொல்வேன். அப்போதும் "இதை எங்கே விற்கலாம்" என்று கேட்பதில்லை. "இதைச் செய்ய முடியாததால் இன்று யார் தொல்லைப்படுகிறார்கள், அந்தத் தொல்லையை இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள்" என்று கேட்பேன். ஒவ்வொரு மாணவரும் தாம் முன்பு பணியாற்றிய துறையிலிருந்தோ குடும்பத்தார் ஈடுபட்டுள்ள தொழிலிலிருந்தோ குறைந்தது இரண்டு பயன்களைக் கொண்டுவரவேண்டும் என்பது விதி. குழுவைப் பிரிக்கும்போதும் ஒரே பின்னணி உடையவர்கள் ஒன்றாகச் சேராதவாறு நானே பிரிக்கிறேன். நண்பர்களாகச் சேர்ந்த குழு நன்றாக உழைக்கும். ஆனால் ஒரே திசையில்தான் பார்க்கும்.

பட்டியல் வந்தபின் எதை முதலில் எடுப்பது என்ற இடத்தில்தான் உண்மையான பாடம் இருக்கிறது. மாணவர்கள் இயல்பாக மிகப்பெரிய சந்தையை எடுப்பார்கள். நான் அவர்களுக்கு டிரான்சிஸ்டரின் கதையைச் சொல்வேன். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் என்ற சிறு மின்னணு உறுப்பு, தொடக்க ஆண்டுகளில், அதுவரை அதே வேலையைச் செய்துவந்த வெற்றிடக் குழாயைவிட விலை கூடியது, இரைச்சலும் மிகுந்தது. தொலைபேசி, வானொலி போன்ற பெரிய சந்தைகளுக்கு அந்தக் குறைகள் பெரும் தடை. ஆனால் 1952ஆம் ஆண்டின் இறுதியில் அது செவித்துணைக் கருவிக்குள் நுழைந்துவிட்டது. அதுவும் இரண்டு வெற்றிடக் குழாய்களோடு ஒரே ஒரு டிரான்சிஸ்டராகச் சேர்ந்துதான். செவித்திறன் குறைந்தவருக்கு மின்கலம் நீடித்து உழைப்பதும் கருவி சிறிதாக இருப்பதும் அவ்வளவு முக்கியமாக இருந்தமையால் மற்ற குறைகளை அவர் பொறுத்துக்கொண்டார். முதல் டிரான்சிஸ்டர் வானொலி 1954ஆம் ஆண்டின் இறுதியில்தான் கடைக்கு வந்தது. புதிய தொழில்நுட்பத்துக்கு ஒரு வலிமையும் ஒன்பது குறைகளும் இருக்கும். அந்த ஒரு வலிமைக்காக ஒன்பதையும் மன்னிக்கக்கூடியவர் யார் என்று தேடும் பழக்கம் வந்துவிட்டால், சந்தையின் மொத்த மதிப்பைப் பற்றிய அந்தப் பெரிய எண் ஸ்லைடிலிருந்து தானாகவே உதிர்ந்துவிடும்.

(இந்த இடத்தில் பெரும்பாலான ஆசிரியர்கள் வலுவற்ற பசையிலிருந்து பிறந்த, ஒட்டி எடுக்கக்கூடிய போஸ்ட்-இட் குறிப்புத்தாள்களின் கதையைச் சொல்வார்கள். சொல்வதானால் முழுவதையும் சொல்லவேண்டும். 1977இல் நான்கு நகரங்களில் விற்றுப்பார்த்தபோது அது எடுபடவில்லை; மறு ஆண்டு அமெரிக்காவின் பாய்சி நகரில் இலவசமாகக் கொடுத்துப் பயன்படுத்தவைத்த பிறகே மக்கள் கேட்டு வாங்கினார்கள். கையாண்டு பார்க்காமல் மதிப்பு விளங்காத பொருளுக்கு விளம்பரம் உதவாது என்ற அந்தப் பகுதியை விட்டுவிட்டு, தற்செயல் அதிர்ஷ்டத்தை மட்டும் சொல்வதால் யாருக்கும் பயனில்லை.)

வழக்காய்வுகளை முற்றாகக் கைவிடவேண்டாம். பாதியில் வெட்டிக் கொடுங்கள். ஜெராக்ஸ் 914 என்ற படியெடுக்கும் இயந்திரத்தை நான் அப்படித்தான் கற்பிக்கிறேன். செஸ்டர் கார்ல்சன் 1938இல் தம் முதல் உலர்படியை எடுத்தார். பல நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. 1944இல் பட்டேல் ஆய்வு நிறுவனம் கைகொடுத்தது. பிறகு ஹாலாய்டு என்ற சிறிய நிறுவனம் (பின்னாளில் ஜெராக்ஸ்) உரிமம் பெற்றது. இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அன்றைய படியெடுக்கும் கருவிகளின் விலையையும் அலுவலகங்கள் நாளொன்றுக்கு எடுத்த சொற்பப் படிகளின் எண்ணிக்கையையும் மட்டும் கொடுத்து, இந்த இயந்திரத்தில் பணம் போடலாமா என்று ஆலோசகரின் அறிக்கை எழுதச் சொல்வேன். நிறுவனத்தின் பெயரையும் மாற்றிவிடுவேன். பத்தில் ஒன்பது பேர் வேண்டாம் என்றே எழுதுவார்கள். இதே கேள்வியை ஐபிஎம்முக்காக ஆய்வு செய்த ஆலோசனை நிறுவனமும் அப்படித்தான் எழுதியது. அடுத்த வகுப்பில் மீதியைக் கொடுப்பேன்: 1959இல் ஹாலாய்டு இயந்திரத்தை விற்காமல் மாதம் 95 டாலர் வாடகைக்கு விட்டது, முதல் 2,000 படிகளுக்குத் தனிக்கட்டணம் இல்லை, அதற்கு மேல் படி ஒன்றுக்கு 4 சென்ட். கட்டணம் வாங்கும் முறை மாறியதும் அலுவலகங்கள் படியெடுக்கும் பழக்கமே மாறிவிட்டது. ஆலோசகர்களின் கணக்கில் பிழையில்லை. இருக்கிற பழக்கத்தை வைத்துப் புதிய பொருளை அளந்ததுதான் பிழை. தாங்களே அந்தப் பிழையைச் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு இதை விளக்க ஐந்து நிமிடம் போதும்.

உரிமத்தாள்

ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் பணியாற்றுகிறேன். மேலே எழுதிய நண்பர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் இத்தகைய பாடங்கள் அனைத்திலும் ஒரு சாய்வைக் காண்கிறேன்: சந்தைக்குக் கொண்டுசெல்வது என்றாலே புதிய நிறுவனம் தொடங்குவது என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். எங்கள் மேசைக்கு வரும் கண்டுபிடிப்புகளில் பல, ஏற்கனவே இயங்கும் ஒரு நிறுவனத்தின் பொருளுக்குள் ஓர் உறுப்பாகப் போய்ச் சேர்ந்தால்தான் பிழைக்கும். தனி நிறுவனமா, உரிமமா (பிறர் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்த அனுமதிப்பது), உரிமம் என்றால் ஒருவருக்கு மட்டுமா பலருக்குமா, துறைவாரியாகப் பிரித்துக் கொடுக்கலாமா என்ற தேர்வைச் செய்யப் பழக்காத பாடம் பாதிப் பாடம்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் எடுத்துக்காட்டு, கணினிவழிக் குறுக்குவெட்டுப் படக்கருவி, அதாவது சிடி ஸ்கேனர். இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஈஎம்ஐ நிறுவனத்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு அதை உருவாக்கினார். 1971 அக்டோபரில் முதல் நோயாளிக்குப் படம் எடுக்கப்பட்டது. 1979இல் அவருக்கு ஆலன் கார்மாக்குடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அறிமுகமாகி எட்டு ஆண்டுகளுக்குள் ஈஎம்ஐ அந்தத் தொழிலை விட்டே வெளியேறியது. கண்டுபிடிப்பில் குறை இல்லை. மருத்துவமனைகளுக்குத் தேவைப்பட்ட பயிற்சி, பழுதுபார்ப்பு, விற்பனைத் தொடர்பு ஆகியவை எக்ஸ்ரே கருவிகளை நெடுங்காலமாக விற்றுவந்த ஜெனரல் எலக்ட்ரிக் போன்றவர்களிடம் ஏற்கனவே இருந்தன. டேவிட் டீஸ் 1986இல் எழுதிய ஒரு கட்டுரை, கண்டுபிடித்தவரைவிட இத்தகைய துணைவளங்களை உடையவர் ஏன் அதிக ஆதாயம் அடைகிறார் என்பதை இந்த எடுத்துக்காட்டைக் கொண்டே விளக்கியது. ஒவ்வொரு குழுவும் "நம்மிடம் இல்லாத எவையெல்லாம் இதை விற்கத் தேவை, அவை இன்று யாரிடம் இருக்கின்றன" என்று ஒரு பக்கம் எழுதினாலே, தனி நிறுவனம் என்ற கனவு பல வேளைகளில் உரிமம் என்ற தெளிவாக மாறிவிடும். மறுபுறம், மரபணு இணைப்பு முறைக்கான கோஹன்–போயர் காப்புரிமையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் யாருக்கும் தனியுரிமையாகக் கொடுக்காமல் கேட்ட எல்லோருக்கும் மலிவாக உரிமம் வழங்கியது. 1997இல் காலாவதியாவதற்குள் 25 கோடி டாலருக்கு மேல் வருவாய் வந்தது. அடிப்படைக் கருவியாகப் பயன்படும் கண்டுபிடிப்புக்கு அது பொருந்தியது. பல கோடி செலவழித்துச் சோதனை நடத்தவேண்டிய ஒரு மருந்துக்கு அதே முறையைப் பின்பற்றினால் எந்த நிறுவனமும் முன்வராது.

அடுத்தது, நடைமுறைச் சிக்கல் ஒன்று. இதைச் சற்று விரிவாகச் சொல்வதற்கு மன்னிக்கவும். கசப்பான அனுபவம் உண்டு. காப்புரிமை விண்ணப்பம் பதிவாகுமுன் கண்டுபிடிப்பின் உள்விவரத்தை வெளியாருக்குச் சொல்லிவிட்டால், ஐரோப்பா உள்ளிட்ட பல இடங்களில் அதன் புதுமை போய்விட்டதாகக் கருதப்படும்; அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டதற்கு ஓராண்டுச் சலுகை உண்டு, ஆனால் அதை நம்பி எல்லா இடங்களுக்கும் திட்டமிட முடியாது. ஒரு வகுப்பின் இறுதி அமர்வுக்கு அழைக்கப்பட்ட விருந்தினர்கள் முன்னிலையில் மாணவர்கள் பூச்சின் வேதிக்கலவையையே திரையில் காட்டிவிட்டார்கள். அவர்கள் மீது தவறில்லை. யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. எனவே முதல் வகுப்புக்கு முன்பே மூன்று செய்திகள் எழுத்தில் இருக்கவேண்டும்: விண்ணப்பம் பதிவாகிவிட்டதா, மாணவர்கள் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது, வேலையின் போக்கில் ஒரு மாணவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அது யாருக்கு உரியது.

இதனால் நேர்காணல் நடத்த முடியாது என்று அஞ்சவேண்டாம். நல்ல நேர்காணலில் நம் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசவேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. "சென்ற முறை ஈரம் புகுந்து சரக்கு கெட்டபோது என்ன செய்தீர்கள், யாருக்குத் தெரிவித்தீர்கள், எவ்வளவு இழப்பு, அந்தச் செலவை யார் ஒப்புக்கொண்டார்கள்" என்று கேட்பதற்கு வேதிக்கலவை எதற்கு? "இப்படி ஒரு கருவி இருந்தால் வாங்குவீர்களா" என்ற கேள்விக்கு நல்ல மனிதர்கள் எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். அந்த ஆம் ஒரு மரியாதைச் சொல்; அதை எண்ணிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இழுவிசை

நான் பொருளறிவியல் ஆய்வாளன். மாணவர் குழுக்களுக்கு என் ஆய்வகத்தை மூன்று முறை திறந்துவிட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சில சொற்கள்.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். மேலாண்மை மாணவர்களுக்கு என் சமன்பாடுகள் புரியவேண்டியதில்லை. ஆனால் ஒரு பிற்பகல் முழுவதும் ஆய்வகத்தில் நின்று, நாங்கள் ஒரு மாதிரியை எப்படிச் செய்கிறோம் என்று பார்க்கவேண்டும். பத்து முறை செய்தால் எத்தனை முறை சரியாக வருகிறது என்று அங்கே நின்று பார்ப்பவருக்குத்தான் கேட்கத் தோன்றும். கிராம் கணக்கில் கிடைப்பது கிலோ கணக்கில் கிடைக்குமா, இதில் எந்த மூலப்பொருளை ஒரே ஒருவர்தான் விற்கிறார், எந்தப் படியை ஒரு குறிப்பிட்ட ஆராய்ச்சி மாணவரின் கைப்பழக்கம் மட்டுமே நடத்துகிறது என்பவை ஆய்வுக்கட்டுரையில் வராத செய்திகள். நாங்களாகவும் சொல்லமாட்டோம்; மறைப்பதற்காக அன்று, அவை எங்களுக்கு ஆராய்ச்சிக் கேள்விகளாகத் தோன்றாததால்.

நாசா உருவாக்கிய தொழில்நுட்ப ஆயத்த நிலை என்ற ஒன்பது படி அளவுகோலை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். ஆய்வக மேசையில் இயங்குவது நான்காம் படி; உண்மையான சூழலில் முழு அமைப்பாக ஓடி நிரூபிக்கப்பட்டது ஒன்பதாம் படி. ஆய்வாளர் "வேலை செய்கிறது" என்று சொல்லும்போது நான்கை நினைக்கிறார். வாங்குபவர் அதையே ஒன்பது என்று கேட்டுக்கொள்கிறார். நான் கண்ட பெரும்பாலான மனக்கசப்புகள் இந்த ஐந்து படி இடைவெளியில் பிறந்தவை.

நேர்காணல்களைப் பற்றி ஒரு மாற்றுக்கருத்து. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல் தொடங்கிய ஐ-கோர் திட்டத்தில் ஒவ்வொரு குழுவும் சில வாரங்களில் 100 பேரைச் சந்திக்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. முழுநேரமாக ஈடுபடும் ஆய்வாளர் குழுவுக்கு அது பொருந்தலாம். வேறு நான்கு பாடங்களும் படிக்கும் மாணவர்களுக்கு அதே எண்ணை விதித்தால், எண்ணை நிரப்புவதற்காக நண்பர்களையும் உறவினர்களையும் சந்திப்பார்கள். ஒரு மூலப்பொருளைப் பொறுத்தவரை அதை வாங்குபவர், சோதித்து ஒப்புதல் தருபவர், பயன்படுத்துபவர், பழுதானால் பதில் சொல்பவர் ஆகிய நால்வரும் வெவ்வேறு ஆட்கள். ஒரே தொழிற்சாலைக்குள் இந்த நால்வரையும் சந்தித்த குழுவை, நூறு பேரிடம் வாக்கெடுப்பு நடத்திய குழுவைவிட மேலாக மதிப்பேன்.

இன்னொன்று: எங்கள் நேரத்துக்கு ஏதேனும் திருப்பித் தாருங்கள். இறுதி அறிக்கையின் ஒரு படிகூட எனக்கு வராமல் முடிந்த திட்டம் ஒன்று உண்டு.

கரும்பலகை

மூவருக்கும் நன்றி. பொருளின் பெயரை மூன்று வாரங்களுக்குத் தடைசெய்வதையும், ஒரே தொழிற்சாலையில் நால்வரைச் சந்திப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். காப்புரிமை பற்றிய எச்சரிக்கை எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சென்ற ஆண்டு இறுதி அமர்வுக்கு வெளியாரையும் அழைத்திருந்தேன். இன்று ஆய்வாளரிடம் விசாரித்தேன். நல்லவேளையாக விண்ணப்பம் அதற்கு முன்பே பதிவாகியிருந்தது.

ஆனால் மூன்றாவது ஐயத்தை யாரும் தொடவில்லை. சந்தை இல்லை என்ற முடிவுக்கு வரும் குழுவுக்கு என்ன செய்வது?

பழைய மாணவி

ஆசிரியர்களுக்கு இடையே ஒரு மாணவியின் குரல். எட்டு ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட ஒரு பாடத்தைப் படித்தேன். ஆராய்ச்சி மாணவர் ஒருவர், சட்டம் படிப்பவர் ஒருவர், மேலாண்மை மாணவர்கள் இருவர் என்று குழு அமைத்திருந்தார்கள். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகமும் எமரி பல்கலைக்கழகமும் 2002இல் தொடங்கிய திட்டத்தை ஒட்டிய அமைப்பு அது என்று பின்னர் அறிந்தேன். எங்களுக்குக் கிடைத்தது தண்ணீர் வடிகட்டும் ஒரு சவ்வு. ஒன்பதாம் வாரத்தில், நாங்கள் குறிவைத்த ஆலைகள் சவ்வை மாற்றவேண்டுமானால் முழு அமைப்புக்கும் மறுபடியும் சான்றிதழ் வாங்கவேண்டும் என்பதும், அதற்கு ஆகும் செலவு சவ்வினால் மிச்சமாகும் தொகையைப் பல மடங்கு விஞ்சும் என்பதும் தெரியவந்தது. அதைப் பொறியாளர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். நாங்கள் கேட்ட கேள்விக்கான விடைகூட அன்று அது.

கைவிடலாம் என்று அறிக்கை எழுதினோம். எங்களுக்குக் கிடைத்தது வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண். சந்தையில் யாரையுமே சந்திக்காமல் அழகிய விற்பனை வளைகோடு வரைந்த குழுவுக்கு முதலிடம். எங்கள் குழுவில் இருந்த ஆராய்ச்சி மாணவர் மட்டும் அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். புதிதாக நிறுவப்படும் ஆலைகளுக்கு மறுசான்றிதழ் என்ற தடையே எழாது என்ற குறிப்பை அதிலிருந்து எடுத்துத் தம் அடுத்த கட்ட ஆய்வை அந்தப் பக்கம் திருப்பினார்.

இன்று, வெளியிலிருந்து வரும் தொழில்நுட்பங்களை எங்கள் நிறுவனத்துக்குப் பொருந்துமா என்று மதிப்பிடுவது என் வேலை. பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். ஏன் வேண்டாம், எது மாறினால் மறுபடியும் பார்க்கலாம் என்று எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தத் திறமையை எந்தப் பாடத்தில் கற்றேன் என்று கேட்டால் குறைந்த மதிப்பெண் வாங்கிய அந்தப் பாடத்தைத்தான் சொல்லவேண்டும். ஆனால் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள், எனக்கு இத்துறை வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வரிசை

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் பழைய மாணவர்களில் சிலரை நினைத்துக்கொண்டேன். தொடக்க ஆண்டுகளில் நானும் அப்படித்தான் மதிப்பெண் வழங்கியிருக்கிறேன்.

கரும்பலகை ஐயா, இப்போது நான் முடிவுக்கு மதிப்பெண் தருவதில்லை. முடிவு மாறிய வழிக்குத் தருகிறேன். ஒவ்வொரு குழுவும் முதல் வாரத்திலிருந்தே ஒரு குறிப்பேடு வைத்திருக்கவேண்டும். அந்த வாரம் எதை நம்பினோம், எது பொய்யானால் இந்தப் பயனைக் கைவிடுவோம், யாரிடம் போய்ச் சோதித்தோம், அவர் என்ன சொன்னார், அதனால் எது மாறியது என்று வாரம் ஒரு பக்கம். சந்திப்புக்கு முன்பே எழுதவேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பின்னால் எழுதினால் எல்லா நம்பிக்கைகளும் ஏற்கனவே சரியாகத்தான் இருந்திருக்கும். நூற்றில் ஐம்பது மதிப்பெண் இந்தக் குறிப்பேட்டுக்கு. இருபது, தொழில்நுட்பம் செய்வதை விவரிக்கும் அந்த முதல் தாளுக்கு. இறுதி அமர்வுக்கு வெறும் பதினைந்து. மீதி பதினைந்தை ஆய்வாளரிடம் விட்டுவிடுகிறேன்: இந்தக் குழுவிடமிருந்து உங்களுக்குத் தெரியாத ஏதேனும் தெரியவந்ததா என்ற ஒரே கேள்விக்கு அவர் மதிப்பெண் தருவார். ஆய்வாளர்கள் ஆர்வத்தோடு வந்து உட்காருவதற்கும் அதுவே காரணமாகிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. சந்தை இல்லை என்ற முடிவுக்கும் மதிப்பெண் உண்டு என்று தெரிந்த மறு ஆண்டே, நான்கு குழுக்கள் ஐந்தாம் வாரத்தில் கைவிட்டுவிட்டு நிம்மதியாக இருந்தன. எனவே "இல்லை" என்று சொல்லும் குழு இரண்டைக் காட்டவேண்டும் என்று சேர்த்துக்கொண்டேன்: குறைந்தது மூன்று பயன்களைத் தனித்தனிச் சான்றோடு விலக்கியிருக்கவேண்டும், தொழில்நுட்பத்திலோ விதிமுறையிலோ செலவிலோ எந்த ஒரு மாற்றம் வந்தால் இந்த விடை "ஆம்" என்று ஆகும் என்பதை அளவோடு சொல்லவேண்டும். பழைய மாணவியின் குழு அந்த ஆலைக் குறிப்பில் செய்தது ஏறத்தாழ இதுதான். இரண்டாவதை எழுத முடியாத குழு உண்மையில் எதையும் விலக்கவில்லை, களைத்துப்போய் நிறுத்தியிருக்கிறது என்று பொருள்.

கரும்பலகை

பாடத்திட்டத்தில் மதிப்பெண் பிரிப்பை அப்படியே மாற்றி எழுதிவிட்டேன். இறுதி அமர்வுக்குப் பதினைந்து மட்டும் என்பதற்குத் துறைக்குழுவில் எதிர்ப்பு வரும், பேசிப் பார்க்கிறேன். இழுவிசை அவர்களே, அறிக்கைப் படி ஆய்வாளருக்குப் போய்ச்சேர்ந்த பிறகே மதிப்பெண் வெளியாகும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

இந்த ஆண்டும் அதே பூச்சைத்தான் வகுப்பில் வைக்கப்போகிறேன். நேற்று ஆய்வாளரைப் பார்த்தபோது, அடிப்பரப்பை மாற்றியதால் இப்போது உப்புநீரில் நான்கு நாட்கள் தாங்குகிறது என்றார். அதற்கு விலையாக, ஈரத்தை உணரும் நேரம் இரு மடங்காகிவிட்டதாம். இந்தச் செய்தியை மாணவர்களிடம் நானாகச் சொல்லப்போவதில்லை. அவரும் சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், கேட்டால் மட்டும் சொல்வார். எத்தனை குழுக்கள் எந்த வாரத்தில் போய்க் கேட்கின்றன என்பதைப் பருவ முடிவில் இங்கே வந்து எழுதுகிறேன்.